பிள்ளையின் கை எப்போது அசையாமல் போனது?

“முதல் மூண்டு கிழமையும் ரெண்டு கையையும் நல்லா ஆட்டினவன் அக்கா. இருபத்தியாறாம் நாள் காலமை சட்டை மாத்தேக்கதான் பாத்தனான். இடக்கை அப்பிடியே விழுந்து கிடந்தது. தொட்டா வீரிட்டு அழுதான்.”

கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், பூசாத சுவர்களோடு நிற்கும் வீட்டுத்திட்ட வீட்டின் விறாந்தையில் இருந்து அந்தத் தாய் சொன்னார். அவருக்கு இது முதல் பிள்ளை. நான் போனது வேறு விடயமாக, வீட்டுத்திட்டக் கொடுப்பனவு பற்றிக் கேட்பதற்காக. மடியில் இருந்த பிள்ளையின் கதை அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்று வீட்டில் நடந்ததை அவர் வரிசையாகச் சொன்னார். படுக்கையில் கை மடிந்திருக்கும் என்றார் மாமியார். பிறந்தவுடன் இடது மேற்கையில் போட்ட பீ.சீ.ஜீ. தடுப்பூசியின் இடம் அப்போதுதான் சிவந்து சிறு கட்டியாக எழும்பியிருந்தது. அதுதான் நோகிறது என்றார் இன்னொருவர். நாவூறு என்றார் ஒருவர். நல்லெண்ணெய் பூசி உருவிவிட்டால் சரியாகிவிடும் என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. பால் குடிப்பது மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. அது முடிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம் என்று வீட்டில் முடிவானது.

மறுநாள் வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் கையைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாராம்: “பிறந்த நாளில இருந்தே இப்பிடியா, இடையில வந்ததா?”

இடையில் வந்தது என்றதும், “அப்ப இண்டைக்கே வெளிக்கிடுங்கோ” என்று சொல்லி, முற்றத்தில் நின்றபடியே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்திருக்கிறார்.

பிள்ளையின் தோள்மூட்டுக்கு அருகே எலும்பில் கிருமி பிடித்திருந்தது. கைக்குப் போகும் நரம்புகளும் பாதிக்கப்பட்டிருந்தன. வாரக்கணக்கில் விடுதியில் வைத்து ஊசிமூலம் அன்ரிபயோட்டிக் கொடுத்தார்கள். கிருமி அடங்கிய பின்னும் கை உடனே எழவில்லை, மாதங்கள் எடுத்தது. நான் போனபோது பிள்ளைக்குப் பத்து மாதம். அதே இடக்கையால் என் கொப்பியைப் பிடித்து இழுத்தான்.

அந்த ஒற்றைக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியமானது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். சிறுபிள்ளை வைத்தியர்களிடமும் இயன்மருத்துவர்களிடமும் கேட்டும், வாசித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இது உதவும். போர்க்காலத்தில் பிறந்து, தூக்க முடியாத கையோடு வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

கழுத்திலிருந்து விரல் வரை

கையை அசைக்கும் கட்டளை மூளையிலிருந்து முள்ளந்தண்டு வழியாக இறங்கி, கழுத்தடியில் ஐந்து நரம்பு வேர்களாக வெளியே வருகிறது. நான்கு வேர்கள் கழுத்தின் கீழ்ப்பகுதியிலிருந்தும் ஒன்று நெஞ்சின் மேற்பகுதியிலிருந்தும் புறப்படுகின்றன. இவை காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் ஒரு பின்னல்போல ஆகி, கமக்கட்டு வழியாகக் கைக்குள் இறங்குகின்றன. இந்தப் பின்னலை வைத்தியர்கள் ‘பிரேக்கியல் பிளெக்ஸஸ்’ என்பார்கள். தமிழில் தோள் நரம்புப் பின்னல் என்று சொல்லலாம்.

மேலே உள்ள வேர்கள் தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் உதவுகின்றன. கீழே உள்ளவை மணிக்கட்டையும் விரல்களையும் இயக்குகின்றன. அதனால்தான் ஒரு பிள்ளைக்குக் கை தொங்கினாலும் விரல்கள் பிடிக்கும். இன்னொரு பிள்ளைக்கு விரல்களும் சேர்ந்து சோர்ந்து போகும். எந்த அசைவு இல்லை என்பதை வைத்தே எந்த வேர் பாதிக்கப்பட்டது என்பதை வைத்தியர் ஓரளவு கணித்துவிடுவார்.

இந்தப் பின்னல் இரண்டு விதமாகக் கெடலாம். ஒன்று, இழுபட்டுக் காயப்படுவது. மற்றது, கிருமியாலோ உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாக வேலை செய்வதாலோ அழற்சியடைவது. முதலாவது பெரும்பாலும் பிறக்கும் நேரத்தில் நடக்கிறது. இரண்டாவது பிறகு வருகிறது. குடும்பநல உத்தியோகத்தரின் கேள்வி பிரித்துப் பார்த்தது இந்த இரண்டையும்தான்.

பிறந்த நாளிலிருந்தே அசையாத கை

பிரசவத்தில் பிள்ளையின் தலை வெளியே வந்த பின், தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்வது உண்டு. பிள்ளைக்கு மூச்சு முட்டுவதற்குள் வெளியே எடுக்க வைத்தியருக்கோ மருத்துவிச்சிக்கோ இருப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட பகுதி இழுபட்டு நரம்புகள் காயப்படலாம். பிள்ளை 4 கிலோவுக்கு மேல் நிறையாக இருப்பது, தாய்க்கு நீரிழிவு இருப்பது, ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுப்பது, கால் பக்கமாகப் பிறப்பது ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. சிசேரியனில் வாய்ப்புக் குறைவு. ஆனால் அறவே இல்லையென்று சொல்ல முடியாது. எந்தத் தவறும் நடக்காத பிரசவத்திலும் இது நேரலாம்.

இதை முதலில் எழுதிவைத்தவர் ஸ்கொட்லாந்து மகப்பேற்று வைத்தியர் வில்லியம் ஸ்மெலி, 1764இல். அந்தப் பிள்ளைக்கு இரண்டு கைகளும் சோர்ந்திருந்து சில நாட்களில் சரியாகின. 1874இல் ஜெர்மன் வைத்தியர் வில்ஹெல்ம் ஏர்ப் மேல் வேர்கள் இரண்டும் சேருமிடத்தில் ஏற்படும் பாதிப்பை விளக்கினார். அதனால் இன்றும் டயக்னோசிஸ் காட்டில் ‘ஏர்ப்ஸ் போல்சி’ என்று எழுதுகிறார்கள். பார்த்தால் அடையாளம் தெரியும்: கை உடம்போடு ஒட்டி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும்.

பல நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், 1,000 பிறப்புகளில் ஏறத்தாழ 1 முதல் 3 பிள்ளைகளுக்கு இது வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நரம்பு அறுவதில்லை, இழுபட மட்டுமே செய்கிறது. அவர்களில் பலர் சில வாரங்களில் கையை அசைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் சிலருக்கு நரம்பு அறுந்திருக்கும். சிலருக்கு வேரோடு முள்ளந்தண்டிலிருந்து பிடுங்கப்பட்டிருக்கும். வேரோடு பிடுங்கப்பட்டது தானாக ஒட்டாது.

இங்கேதான் நாட்கணக்கு வருகிறது. காயப்பட்ட நரம்பு மீண்டும் வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். மறுபக்கத்தில், நரம்பின் கட்டளை வராத தசை காலவரையின்றிக் காத்திருப்பதில்லை. ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் போனால், பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் அது வேலை செய்யாது.

அதனால் வைத்தியர்கள் மூன்று மாதம் என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். 1980களில் பிரான்ஸில் அலன் ஜில்பேர் போன்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள் இதை வலியுறுத்தினார்கள். மூன்று மாதம் முடியும்போது பிள்ளை முழங்கையை மடக்கவில்லையென்றால், நரம்புச் சத்திரசிகிச்சை தேவையா என்று நிபுணர் ஒருவர் பார்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சத்திரசிகிச்சை செய்வார்கள் என்பதில்லை. இன்னும் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப் பொறுப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியது நிபுணர். ‘வளர வளரச் சரியாகும்’ என்று வீட்டிலிருந்து நாம் முடிவு செய்யக்கூடாது.

இரண்டு அடையாளங்கள் இருந்தால் மூன்று மாதம்கூடப் பார்த்திருக்கக்கூடாது. கை முழுவதும் விரல்களோடு சேர்ந்து சோர்ந்திருப்பது ஒன்று. அதே பக்கத்துக் கண்ணிமை தாழ்ந்து, கண்மணி மற்றதைவிடச் சிறிதாக இருப்பது இன்னொன்று. இரண்டும் கீழ் வேர்கள்வரை காயம் போயிருப்பதைக் காட்டும். பிறந்த பிள்ளை மூச்சு விடக் கஷ்டப்பட்டால், மூச்சுக்கு உதவும் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

மாத்தளனில் பிறந்தவள்

மூன்று மாதக் கணக்கைக் கேட்டபோது எனக்கு இன்னொரு வீடு நினைவுக்கு வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில், சாதாரண தரம் எழுதி முடித்த ஒரு பிள்ளையின் வீடு. அவளுக்கு வலது கை தோளுக்கு மேல் எழாது. மற்றக் கையைவிட மெலிந்து, கொஞ்சம் கட்டையாகவும் இருக்கும். இடக்கையால் எழுதப் பழகியிருந்தாள்.

அவள் 2009 பெப்ரவரி நடுப்பகுதியில் மாத்தளனில், தறப்பாள் கொட்டில் ஒன்றில் பிறந்தவள். குடும்பம் கிளிநொச்சிப் பக்கமிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து அங்கே வந்திருந்தது. பாடசாலைக் கட்டடத்தில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலைக்குப் போக அன்று இரவு வழியில்லை. செல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கொட்டிலில் இருந்த வயதான பெண் ஒருவர்தான் பிரசவம் பார்த்தார்.

“தலை வந்திட்டுது, தோள் வரேல்ல. அந்த மனிசி இழுத்துத்தான் எடுத்தது. இழுக்காட்டி நாங்கள் ரெண்டு பேரும் இல்லை, தங்கச்சி” என்றார் தாய்.

கை அசையவில்லை என்பது அவருக்கு இரண்டாம் நாளே தெரியும். யாரிடம் காட்டுவது? பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மூன்று மாதம் எண்ணிப் பாருங்கள். மே நடுப்பகுதி வருகிறது. அந்த நாட்களில் வன்னியில் இருந்தவர்களுக்கு நான் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பிறகு செட்டிக்குளம் மெனிக் பாம். நரம்புக்கும் தசைக்கும் மிச்சமிருந்த மாதங்கள் முட்கம்பிக்குள் போயின. முகாமில் காட்டிய இடத்தில் பயிற்சி செய்யச் சொன்னார்கள் என்று தாய்க்கு ஞாபகம். எழுதித் தந்த துண்டு இப்போது இல்லை.

அந்தப் பிள்ளையோடு தனியாகக் கொஞ்ச நேரம் கதைத்தேன். கையைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

“செல் எண்டு சொல்லுவன். செல் எண்டா கேள்வி முடிஞ்சிடும். பிறக்கேக்க வந்தது எண்டு சொன்னா எல்லாரும் அம்மாவைத்தான் பாப்பினம்.”

நம்முடைய ஊர்களில் சோர்ந்த கை ஒன்றைக் கண்டால் எல்லோரும் முதலில் நினைப்பது செல்லைத்தான். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த நினைப்பு இந்தப் பிள்ளையைப் போன்றவர்களுக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியத்தையும் மறைத்துவிடுகிறது. இவளுடைய கையைக் கெடுத்தது பிரசவம். அதைச் சரிசெய்யக்கூடிய மாதங்களைப் பறித்தது போர்.

அசைந்த கை நின்றுபோனால்

இனி கிளிநொச்சிப் பிள்ளையின் கதைக்கு வருவோம். மூன்று கிழமை ஆடிய கை ஒரு காலையில் நின்றுபோனது. இதற்குப் பிரசவம் காரணமாக இருக்க முடியாது. பிறப்பில் வந்த காயம் முதல் நாளிலேயே தெரியும். போகப் போகக் குறையுமே தவிர, இடையில் புதிதாகத் தொடங்காது.

ஒரு மாதம், இரண்டு மாதப் பிள்ளைகளில் இப்படிக் கை திடீரென்று நின்றால், வைத்தியர்கள் முதலில் தேடுவது தோளெலும்பிலோ தோள்மூட்டிலோ கிருமி இருக்கிறதா என்பதை. இந்த வயதில் அதற்கு அடிக்கடி காரணமாகும் கிருமிகளில் ஒன்று ‘குறூப் பீ ஸ்ரெப்ரோகொக்கஸ்’. பல பெண்களின் உடலில் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும் பக்றீரியா இது. பிள்ளையின் இரத்தத்தில் கலந்தால் மட்டும் ஆபத்தானது. பிறந்து ஒரு கிழமைக்குப் பின், மூன்று மாதம் வரையில் இந்தத் தொற்று வரலாம். சிலருக்கு அது எலும்பில் போய் உட்காருகிறது, குறிப்பாகத் தோளுக்கு அருகே மேற்கையெலும்பின் மேல் முனையில்.

இங்கே ஏமாற்றும் விடயங்கள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். பிள்ளை பார்வைக்குச் சுகமாகவே இருக்கலாம். கை அசையாததுதான் ஒரே அறிகுறியாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, முதல் ஏழு, பத்து நாட்களில் எடுக்கும் எக்ஸ்றேயில் எலும்பு சாதாரணமாகவே தெரியலாம். எக்ஸ்றே சரி என்பதால் கிருமி இல்லையென்று ஆகாது. இரத்தப் பரிசோதனை, ஸ்கான், தேவையென்றால் எம்.ஆர்.ஐ. என்று பார்க்க வேண்டிவரும்.

மூன்றாவது, கை ஏன் அசையவில்லை என்பதே குழப்பும். பல பிள்ளைகள் நோவினால்தான் கையை அசைக்காமல் வைத்திருப்பார்கள்; நரம்பு நன்றாகவே இருக்கும். ஆனால் சில பிள்ளைகளில் தோள் நரம்புப் பின்னலும் உண்மையிலேயே பாதிக்கப்படுகிறது. பக்கத்தில் உள்ள அழற்சி நரம்புக்குப் பரவுவதாலோ, வீக்கத்தால் நரம்புக்குப் போகும் இரத்தம் குறைவதாலோ அப்படி நடக்கிறது என்பது வைத்தியர்களின் விளக்கம். தசையின் மின் பரிசோதனையில் நரம்புப் பாதிப்புத் தெளிவாகத் தெரிந்த பிள்ளைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அத்தகைய பிள்ளைகளுக்குக் கிருமி அடங்கிய பின்னும் கை திரும்ப மாதங்கள் எடுக்கும். கிளிநொச்சிப் பிள்ளைக்கு நடந்தது இதுதான்.

இதில் அவசரம் ஏன் என்றால், கைக்குழந்தையின் எலும்பில் இரத்தக் குழாய்கள் வளர்ச்சித் தட்டைக் கடந்து மூட்டுப் பக்கம் போகின்றன. அதனால் எலும்பில் தொடங்கிய கிருமி சுலபமாக மூட்டுக்குள் இறங்கிவிடும். வளர்ச்சித் தட்டு கெட்டால் கை வாழ்நாள் முழுவதும் கட்டையாகிவிடலாம். இரத்தத்தில் உள்ள கிருமி மூளைக்கும் பரவலாம். மூட்டில் சீழ் இருந்தால் அதை உடனே வெளியேற்ற வேண்டும். ஐந்து நாட்கள் கழித்துப் பார்ப்போம் என்பது இந்த இடத்தில் பெரிய தாமதம்.

பீ.சீ.ஜீ. இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த ஊசி இடது மேற்கையின் தோலுக்குள் மட்டும் போடப்படுகிறது. சில கிழமைகளில் அந்த இடம் சிறு கட்டியாக எழும்பி, சில வேளை உடைந்து, பிறகு தழும்பாகும். அது வழமையானது, தடுப்பூசி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். ஆனால் அந்தக் கட்டி கையை அசையாமல் செய்யாது. கட்டி எழும்புவதும் இந்தக் கிருமித்தொற்று வருவதும் ஒரே வயதுக் காலம் என்பதால் ஒன்றை மற்றதென்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு.

நரம்பே அழற்சியடையும்போது

எலும்பில் கிருமி இல்லாமலே தோள் நரம்புப் பின்னல் அழற்சியடையும் நோயும் இருக்கிறது. பிரித்தானிய நரம்பியல் வைத்தியர்களான பார்சனேஜ், ரேனர் இருவரும் 1948இல் 136 நோயாளர்களை வைத்து இதை விரிவாக எழுதினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து இராணுவ வைத்தியசாலைகளில் திரட்டிய அனுபவம் அது. காயமே இல்லாமல், தோளில் கடும் நோவு எழுந்து, சில நாட்களில் கை சோர்ந்து தசை கரைந்துபோன மனிதர்கள் அவர்கள். காய்ச்சல், சத்திரசிகிச்சை, தடுப்பூசி போன்ற ஏதோ ஒன்றுக்குப் பிறகு உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த நரம்பையே தாக்குவதால் இது வருகிறது என்று இன்று விளங்கிக்கொள்கிறார்கள்.

கைக்குழந்தைகளில் இது மிக அரிது. நோகிறது என்று பிள்ளை சொல்லாது. விடாமல் அழும், பிறகு கையை விட்டுவிடும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்து வந்து போனதா என்று வைத்தியர் கேட்பார். ஏனெனில் மரபணு வழியாக வரும் வகையும் உண்டு. இதற்கென்று உறுதியான ஒரு மருந்து இல்லை. நோவைத் தணிப்பதும், மூட்டு இறுகாமல் பயிற்சி செய்வதும், காத்திருப்பதும்தான் வைத்தியம். பெரும்பாலும் கை திரும்பும். ஆனால் மாதங்கள், சிலருக்கு வருடங்கள் எடுக்கும். கிருமி இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் இந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதை வைத்தியர்கள் அழுத்திச் சொல்கிறார்கள்.

வேறு சில காரணங்கள்

பிரசவத்தில் காறை எலும்பு வெடித்திருந்தாலும் பிள்ளை கையை அசைக்காது. இரண்டு மூன்று கிழமைகளில் எலும்பு பொருந்தி அந்த இடத்தில் ஒரு முடிச்சுத் தெரியும். கை தானாகச் சரியாகும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையைக் கையில் பிடித்துத் தூக்கினாலோ வெடுக்கென்று இழுத்தாலோ முழங்கை எலும்பு சற்று விலகும். ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை இது அதிகம். தெரிந்த வைத்தியர் ஒருவர் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார்.

இன்னொன்று, இளம்பிள்ளை வாதம். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளர் 1993இல் பதிவானவர். 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றது என்று சான்றளிக்கப்பட்டது. அந்த நிலைக்கு நாம் வந்ததற்குப் பின்னால், போலியோச் சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் துப்பாக்கியை இறக்கி வைத்த அமைதி நாட்களும் இருக்கின்றன. தாயின் இடுப்பிலிருந்து அந்தச் சொட்டு மருந்தை வாங்கிக் குடித்த பிள்ளைகளில் பலர் இன்று தாயும் தகப்பனும். இப்போதும் 15 வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளைக்காவது கையோ காலோ திடீரென்று சோர்ந்தால், வைத்தியர்கள் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவித்து, இரண்டு தடவை மலம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். அப்படிக் கேட்டால் பயப்பட வேண்டாம். போலியோ திரும்பி வரவில்லை என்பதை உறுதிசெய்யும் வழமையான கண்காணிப்பு அது.

வீட்டில் பார்க்க வேண்டியவை

பிள்ளையின் சட்டையைக் கழற்றி, வெளிச்சமான இடத்தில் பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள். சில நிமிடங்கள் தொடாமல் பாருங்கள். இரண்டு கையும் ஒரேயளவு ஆடுகிறதா? சத்தம் கேட்டுத் திடுக்கிடும்போது இரண்டு கையும் சேர்ந்து விரிகிறதா? உள்ளங்கையில் விரலை வைத்தால் இரண்டும் பிடிக்கிறதா? முழங்கை மடிகிறதா? சட்டை போடும்போது ஒரு கையைத் தொட்டால் மட்டும் அழுகிறதா? தோளில் வீக்கமோ சூடோ இருக்கிறதா? கண்ணிமைகள் இரண்டும் ஒரேபோல் திறக்கின்றனவா?

கைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். வைத்தியரிடம் போகும் நேரத்தில் பிள்ளை நித்திரையாக இருந்தாலும் அவர் பார்க்க அது உதவும். என்றைக்குத் தொடங்கியது என்பதைக் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள்.

பிறகு கணக்கு எளிது.

பிறந்த நாளிலிருந்தே அசையவில்லை என்றால், வைத்தியசாலையிலிருந்து வெளிக்கிட முதல் வைத்தியரிடம் காட்டி, டயக்னோசிஸ் காட்டில் எழுதுவித்து, இயன்மருத்துவப் பிரிவுக்கும் கிளினிக்குக்கும் திகதி வாங்குங்கள். மூன்று மாதம் முடியும் நாளைக் கலண்டரில் குறியுங்கள். அன்றைக்கு முழங்கை மடியவில்லையென்றால், எந்த நிபுணரிடம் அனுப்பப் போகிறீர்கள் என்று நீங்களே கேளுங்கள்.

முதலில் அசைந்த கை பிறகு நின்றுபோனால், அன்றைக்கே போங்கள். காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம். முப்பத்தொன்று முடியட்டும் என்று இருக்க வேண்டாம். பால் குடிக்காமை, மந்தமாகக் கிடத்தல், உடல் சூடாகவோ வழமைக்கு மாறாகக் குளிராகவோ இருத்தல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் 1990க்கு அழையுங்கள்.

எண்ணெய் தேய்த்து உருவுவது பற்றி எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். கிருமி உள்ள எலும்பை உருவினால் பிள்ளைக்குக் கடும் நோவும், நமக்கு நாட்கள் வீணாவதும்தான் மிச்சம். பிறப்பில் வந்த பாதிப்புக்குப் பயிற்சி அவசியம். ஆனால் அது இயன்மருத்துவர் காட்டித் தரும் பயிற்சி: தோளையும் முழங்கையையும் மெதுவாக, அளவாக அசைத்து மூட்டு இறுகாமல் வைத்திருப்பது. நரம்பு திரும்பி வரும் நேரத்தில் மூட்டு இறுகிப் போயிருந்தால் திரும்பியும் பயனில்லை. எப்போது தொடங்குவது, எவ்வளவு தூரம் அசைப்பது என்பதை அவரிடமே கேளுங்கள். பிள்ளையைத் தூக்கும்போது கையில் பிடித்துத் தூக்காமல் கழுத்துக்கும் முதுகுக்கும் கீழே கைகொடுத்துத் தூக்குங்கள். சட்டை போடும்போது சோர்ந்த கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியாக எடுங்கள்.

வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு

மாத்தளனில் பிறந்த பிள்ளையின் நரம்பை இனிச் சத்திரசிகிச்சையால் எழுப்ப முடியாது. அதற்கான காலம் போய்விட்டது. ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சரியில்லை. வேலை செய்யும் தசைநாண் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தித் தோளின் அசைவைக் கூட்டலாம். திரும்பியிருக்கும் எலும்பைச் சரிசெய்து கையை வாய்வரை, தலைவரை கொண்டுபோக உதவலாம். எல்லோருக்கும் அது பொருந்தாது. பொருந்துமா என்பதை என்பியல் நிபுணர் ஒருவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவளை இதுவரை எந்த நிபுணரும் அந்தக் கேள்வியோடு பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரைக்காக இரண்டாம் தடவை அவர்களைப் பார்க்கப் போனபோது, தாய் பழைய கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். வைத்தியரிடம் சொல்வதற்காகத் தன் ஞாபகத்திலிருந்து எழுதி வைத்திருந்தார். பிறந்த திகதி, இடம், தோள் சிக்கியது, இரண்டாம் நாளிலேயே கை அசையாதது, விரல்கள் மட்டும் ஆறாம் மாதமளவில் நன்றாகப் பிடிக்கத் தொடங்கியது. கீழே மகள் தன் இடக்கை எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: செல் காயம் இல்லை.

அடுத்த கிளினிக் நாளுக்கு அந்தப் பக்கத்தைக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்கள்.